கிறீன்லாந்துப் பனி உருகினால் கொழும்புக் கரையில் கடல் உயருமா?

கேள்வி: வெள்ளவத்தை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கொழும்பில் தமிழ்மொழிமூலப் பாடசாலை ஒன்றில் பத்தாம், பதினோராம் தர மாணவர்களுக்கு விஞ்ஞானம் கற்பித்து வருகிறேன். மிதத்தல் பற்றிய பாடத்தின்போது, கண்ணாடிக் குவளையில் பனிக்கட்டிகளை மிதக்கவிட்டு, நீர்மட்டத்தைப் பேனையால் குறித்து, பனிக்கட்டிகள் முழுவதும் கரைந்த பின்னரும் நீர் அதே கோட்டிலேயே நிற்பதைக் காட்டினேன். உடனே ஒரு மாணவி எழுந்து, "அப்படியென்றால் துருவத்துப் பனி உருகினால் எங்கள் கடல் உயரும் என்று செய்திகளில் சொல்வது பிழையா, ரீச்சர்?" என்று கேட்டாள்.

மிதக்கும் பனி வேறு, தரையின்மேல் கிடக்கும் பனி வேறு என்று அவளுக்குச் சுருக்கமாக விளக்கினேன். ஆனால் அவள் அடுத்ததாகக் கேட்டவை அவ்வளவு எளிதில் விளக்கக்கூடியவையாக இருக்கவில்லை. துருவத்தில் எது கடல், எது தரை என்று முதலில் எப்படிக் கண்டறிந்தார்கள்? கிலோமீற்றர் கணக்கில் தடித்த பனியின் அடியில் என்ன இருக்கிறது என்பதை யார் இறங்கிப் பார்த்தார்கள்? கிறீன்லாந்து இங்கிருந்து ஏறத்தாழ 10,000 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும்போது, அங்கே உருகிய நீர் முழுவதும் அங்கேயே தேங்காமல் காலி முகத்திடல்வரை எப்படி வந்து சேரும்? பாடநூலில் இவற்றுக்குப் போதிய விளக்கம் இல்லை. மாணவர்களுக்கு அரைகுறையாகச் சொல்ல மனம் ஒப்பவில்லை. அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் வகுப்பில் அப்படியே பயன்படுத்துவேன்.

மறுமொழி 1: கொட்டாஞ்சேனை, ஓய்வுபெற்ற கப்பல் பொறியியலாளர்

ஆசிரியைக்கு வணக்கம். உங்கள் மாணவியின் முதற்கேள்விக்கு விடை, வடதுருவமும் தென்துருவமும் முற்றிலும் எதிரான அமைப்புடையவை என்பதில் தொடங்குகிறது. வடதுருவத்தில் இருப்பது நிலத்தால் சூழப்பட்ட கடல். தென்துருவத்தில் இருப்பது கடலால் சூழப்பட்ட நிலம். இன்று இதை ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஆட்டிக் பனியின் நடுவே நிலம் இருக்கிறதா, ஆழமற்ற கடல் இருக்கிறதா என்று யாருக்கும் திட்டமாகத் தெரியாது.

அதைத் தெளிவுபடுத்தியவர்களில் நோர்வே நாட்டவரான பிரித்யோவ் நான்சன் முதன்மையானவர். ஜீனெற் என்ற அமெரிக்கக் கப்பல் 1881இல் சைபீரியாவுக்கு வடக்கே பனியால் நசுக்கப்பட்டு மூழ்கியது. மூன்று ஆண்டுகளின் பின் அதன் பொருட்கள் சில கிறீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் ஒதுங்கிக் கிடந்தன. சைபீரியாவிலிருந்து கிறீன்லாந்துக்குப் பனியோடு பனியாக ஒரு பொருள் வந்து சேர முடியுமானால், அந்த வழியில் ஒரு கப்பலும் வந்து சேர முடியும் என்று நான்சன் கருதினார். பனியைப் பிளந்து செல்லும் கப்பலை அவர் கேட்கவில்லை. பனி நெருக்கும்போது நசுங்காமல் மேலே வழுக்கி எழும்படி, பக்கங்கள் உருண்டு திரண்ட கப்பலொன்றைக் கொலின் ஆச்சர் என்ற கப்பற்கட்டுநரைக் கொண்டு கட்டுவித்தார். அதுதான் பிராம். கப்பல்களின் அடித்தளங்களோடு வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கடலோடு மோதாமல் கடலின் போக்கை ஏற்றுக்கொண்ட வடிவமைப்புகளில் இதற்கு நிகரானது மிக அரிது.

1893 செப்ரெம்பரில் பனிக்குள் உறைந்துபோன பிராம், ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பனியோடு மிதந்து, 1896 ஓகஸ்ற்றில் சுவால்பாட் தீவுகளுக்கு வடமேற்கே வெளியே வந்தது. அதற்கிடையில் நான்சனும் யொஹான்சன் என்ற துணைவரும் கப்பலைவிட்டு இறங்கி, நாய்வண்டிகளோடு வடக்கு நோக்கி நடந்து, 1895 ஏப்ரலில் 86 பாகை 14 கலை வடக்கு அகலக்கோட்டைத் தொட்டார்கள். அதுவரை எவரும் அவ்வளவு வடக்கே சென்றதில்லை. ஆனால் உங்கள் மாணவிக்கு முக்கியமானது அந்தச் சாதனை அன்று. கப்பலில் இருந்தவர்கள் ஆழம் பார்க்கக் கொண்டுசென்ற கயிறுகள் போதாமற்போய், கப்பலிலிருந்த எஃகு வடத்தைப் பிரித்து நீண்ட அளவுநூல் செய்ய நேர்ந்தது. 3,000 மீற்றரையும் தாண்டிய ஆழம் அதில் பதிவாகியது. வடதுருவப் பனியின் அடியில் இருப்பது நிலமல்ல, ஆழ்கடல் என்பது அப்போதுதான் உறுதியானது.

ஆகவே ஆட்டிக் கடலின் மேற்பனி முழுவதும் உங்கள் குவளையில் மிதந்த பனிக்கட்டியைப் போன்றதே. அது கரைவதால் கடல்மட்டத்தில் ஏற்படும் மாற்றம் மிகமிகச் சிறிது. சிறிது என்றேனே தவிர பூச்சியம் என்று சொல்லவில்லை. கடல்நீர் உவர்நீர், பனி பெரும்பாலும் நன்னீர் என்பதால் கரைந்த நீரின் கனவளவு இடம்பெயர்த்த உவர்நீரின் கனவளவிலும் இரண்டரை வீதமளவு கூடுதலாக இருக்கும். குவளையில் உப்புநீரை ஊற்றிச் செய்துபார்க்கும் மாணவர்கள் அந்த மெல்லிய வேறுபாட்டைக் காண இயலும்.

கடலை உயர்த்தக்கூடியவை கிறீன்லாந்தையும் அந்தாட்டிக்காவையும் மூடிக் கிடக்கும் பனிக்கவிப்புகள்தாம். கிறீன்லாந்தின் பனி முழுவதும் கடலில் சேர்ந்தால் உலகக் கடல்மட்டம் சராசரியாக 7 மீற்றருக்கு மேலும், அந்தாட்டிக்காவின் பனி முழுவதும் சேர்ந்தால் ஏறத்தாழ 58 மீற்றரும் உயரும். இது நாளையோ இந்த நூற்றாண்டிலோ முழுமையாக நடக்கப்போவதில்லை. ஆனால் அங்கே எவ்வளவு நீர் நிலத்தின்மேல் அடைபட்டிருக்கிறது என்பதை மாணவர்கள் உணர இந்த இரண்டு எண்களும் உதவும்.

மறுமொழி 2: தெஹிவளை, பௌதிகவியல் விரிவுரையாளர்

மேலே எழுதிய ஐயாவின் விளக்கத்தோடு உடன்படுகிறேன். மாணவியின் மூன்றாவது கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உருகிய நீர் அங்கேயே ஏன் தேங்கவில்லை என்று அவள் கேட்டதன் உண்மையான விடை, பெரும்பாலான பெரியவர்கள் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறானது. கிறீன்லாந்தின் பனி உருகும்போது கிறீன்லாந்துக்கு அருகிலுள்ள கடல் உயர்வதில்லை, அது தாழ்கிறது. உயர்வு தொலைவில்தான் கூடுதலாக இருக்கும். அந்தத் தொலைவில் இருப்பவர்களில் நாமும் அடக்கம்.

காரணம் ஈர்ப்பு. கிறீன்லாந்தின் மேல் ஏறத்தாழ 30 இலட்சம் கன கிலோமீற்றர் பனி இருக்கிறது. அவ்வளவு திணிவு ஓரிடத்தில் குவிந்திருக்கும்போது அது தன்னைச் சுற்றியுள்ள கடல்நீரையும் தன்பக்கம் இழுக்கிறது. அதனால் அத்தீவைச் சூழவுள்ள கடல், பனி இல்லாவிட்டால் இருக்கக்கூடிய மட்டத்திலும் உயர்ந்து நிற்கிறது. பனி உருகிக் கடலில் பரவிவிட்டால் அந்த இழுவை குறைந்து, தேங்கிநின்ற நீர் விலகிப் போகும். மேலும், பனியின் பாரம் நீங்கிய நிலமும் மெல்ல மேலெழும். இவ்விரண்டும் சேர்ந்து, உருகும் பனிக்கு ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர் எல்லைக்குள் கடல்மட்டத்தைத் தாழ்த்துகின்றன. ஐஸ்லாந்துக் கரையில் கடல் இறங்கும். ஐரோப்பாவின் வடமேற்குக் கரையில் உலகச் சராசரியிலும் மிகக் குறைவாகவே உயரும். அங்கிருந்து விலகிய நீர் வேறெங்கோ போய்ச் சேரவேண்டுமல்லவா? வெப்பவலயக் கடல்களிலும் தென்னரைக்கோளத்திலும் சராசரிக்கு மேலான உயர்வாக அது வெளிப்படுகிறது.

இக்கணிப்பு புதியதன்று. றொபேட் வூட்வேட் என்ற அமெரிக்கர் 1888இலேயே இதன் அடிப்படைக் கணிதத்தைச் செய்துகாட்டினார். பூமியின் நெகிழ்வையும் சேர்த்து முழுமையான சமன்பாடு 1976இல் வெளிவந்தது. ஒவ்வொரு பனிக்கவிப்பும் உருகும்போது உலகக் கடல்களில் அதற்கே உரிய உயர்வு தாழ்வுக் கோலம் ஒன்று உருவாகும். கிறீன்லாந்துக்கு ஒன்று, மேற்கு அந்தாட்டிக்காவுக்கு வேறொன்று. கொழும்பு இரண்டிலிருந்தும் வெகுதொலைவில் இருப்பதால் இரண்டு கோலங்களிலும் சராசரிக்குச் சற்று மேலான பக்கத்திலேயே விழுகிறது. ஐஸ்லாந்துக்காரருக்குத் தென்துருவப் பனி கவலை தரலாம். வடபனி அவ்வளவாகத் தராது. நமக்கு அந்தத் தெரிவும் இல்லை.

கடல் என்றாலே மட்டமானது என்ற எண்ணத்தை மாணவர்களிடமிருந்து நீக்குவதற்கு நம் வாசலிலேயே மிகப் பெரிய சான்று இருக்கிறது. உலகிலேயே ஈர்ப்புச் சமமட்டம், அதாவது பூமியின் ஈர்ப்புக்கேற்ப அமையும் கடல்மட்டம், மிகத் தாழ்ந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கேயுள்ள இந்து சமுத்திரப் பகுதி. பூமியை ஒழுங்கான நீள்கோளமாகக் கொண்டு கணித்தால் வரவேண்டிய மட்டத்திலும் அங்கே கடற்பரப்பு 100 மீற்றருக்கு மேல் கீழே இருக்கிறது. வெனிங் மைனஸ் என்ற டச்சு அறிஞர் கப்பலிலிருந்து எடுத்த ஈர்ப்பு அளவீடுகளால் 1948இல் இது வெளிப்பட்டது. பல இலட்சம் சதுர கிலோமீற்றரில் பரந்திருப்பதால் கப்பலில் போகும் எவரும் அந்தப் பள்ளத்தை உணரமாட்டார். ஆனால் அது இருக்கிறது. பூமிக்குள்ளே திணிவு சீராகப் பரவியிராதபோது கடல் எப்படி வளைகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன். திணிவு பூமிக்குள் இருந்தாலும் சரி, பனியாக மேலே இருந்தாலும் சரி, நீருக்கு இரண்டும் ஒன்றுதான்.

உங்கள் குவளைப் பரிசோதனையில் இது தெரியாததற்குக் காரணம், அந்தப் பனிக்கட்டிக்கு நீரை இழுத்து வைத்திருக்கும் அளவுக்குத் திணிவில்லை என்பதே. பரிசோதனை பிழையன்று, அது காட்டக்கூடியதன் எல்லை அவ்வளவுதான் என்று மாணவிக்குச் சொல்லுங்கள்.

கேள்வியாளர்: வெள்ளவத்தை ஆசிரியை

இருவருக்கும் மிக்க நன்றி. கிறீன்லாந்தின் அருகே கடல் தாழும் என்பது எனக்கும் புதிய செய்தி. ஆனால் இதை வகுப்பில் சொன்னால், "பனி குறைகிறது என்பதை எப்படி நிறுத்துப் பார்த்தார்கள்?" என்ற கேள்வி நிச்சயமாக வரும். பனியின் தடிப்பு, அதன் திணிவு, அது குறையும் வேகம் ஆகியவற்றை அளந்த முறைகளையும் யாராவது எழுதுவீர்களா?

மறுமொழி 3: பம்பலப்பிட்டி, புவிச்சரிதவியல் ஆய்வாளர்

வணக்கம் ரீச்சர். பனியின் தடிப்பை அளந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் அத்தியாயம் 1930ஆம் ஆண்டினது. கண்டங்கள் நகர்கின்றன என்று முன்வைத்த அல்பிரட் வெகனரை உயர்தர வகுப்பில் புவியியல் படித்த அனைவரும் அறிவார்கள். ஆனால் அவர் தொழிலால் வளிமண்டலவியலாளர் என்பதும், கிறீன்லாந்தின் பனியிலேயே உயிர்விட்டார் என்பதும் பலருக்குத் தெரியாது. அவர் தலைமையில் சென்ற ஜேர்மானியக் குழு, பனிக்கவிப்பின் நடுவே ஐஸ்மிற்ற என்ற நிலையத்தை அமைத்தது. கொண்டுவந்திருக்க வேண்டிய வீடும் எரிபொருளும் முழுமையாக வந்து சேரவில்லை. ஆகவே அங்கே தங்கியவர்கள் பனிக்குள்ளேயே குகை வெட்டி அதில் மாரியைக் கழித்தார்கள்.

அவர்களுக்குப் பொருட்களைக் கொண்டுசென்று கொடுத்துவிட்டு, 1930 நவம்பர் முதல் நாளன்று, வெகனரின் ஐம்பதாவது பிறந்தநாளில், அவரும் றாஸ்முஸ் வில்லும்சன் என்ற கிறீன்லாந்து இளைஞரும் கரைநோக்கித் திரும்பினார்கள். இருவரும் வந்து சேரவில்லை. வெகனரின் உடல் மறுவருடம் மேமாதத்தில் பனியில் கவனமாகப் புதைக்கப்பட்டிருந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டது; புதைத்தவர் வில்லும்சன். அவருடைய உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. வெகனர் பெயரைச் சொல்லும் பாடங்களில் வில்லும்சன் பெயரையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்பது என் வேண்டுகோள். துருவ ஆய்வின் வரலாற்றில் அந்தந்த மண்ணின் மக்கள் செய்த பணி பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே போய்விட்டது.

குகையில் தங்கியிருந்தவர்களில் லோவ என்பவருக்கு உறைபனியால் கால்விரல்கள் அழுகிவிட, தோழர்கள் சட்டைப்பைக் கத்தியால் அவற்றை வெட்டி அகற்றினார்கள். சோர்க என்பவர் அதே குகையிலிருந்து 15 மீற்றர் ஆழத்துக்குக் குழி தோண்டி, அதன் சுவரில் பனியின் அடர்த்தியை அடுக்கடுக்காக அளந்தார். கோடைப்பனியும் மாரிப்பனியும் அடர்த்தியில் வேறுபடுவதால், ஆண்டுகளை அச்சுவரில் எண்ண முடிந்தது. பின்னாளில் வந்த பனியகழ்வு ஆய்வுகளுக்கெல்லாம் அந்தக் குழி முன்னோடி. அடுத்த கோடையில் வெடிமருந்தை வெடிக்கச்செய்து, அதிர்வு அடிப்பாறையில் பட்டுத் திரும்பிவரும் நேரத்தைக் கணித்து, அங்கே பனி இரண்டரைக் கிலோமீற்றருக்கு மேல் தடித்தது என்று கண்டார்கள்.

அதற்குப் பின் வந்தது றேடியோ அலை. பனிக்கவிப்பின் மேல் பறந்த வானூர்திகளின் உயரமானிகள் பிழையான அளவைக் காட்டியபோது, அலைகள் பனியை ஊடுருவிச் சென்று அடியிலிருந்து தெறித்து வருகின்றன என்பது புரிந்தது. 1960களின் பிற்பகுதியிலிருந்து வானூர்திகளில் றேடாரைப் பொருத்தி, அந்தாட்டிக்காவின் பெரும்பகுதியைப் பறந்தே அளந்தார்கள். யாரும் இறங்கிப் பார்க்காத மலைகளும் ஏரிகளும் பள்ளத்தாக்குகளும் இப்படித்தான் வரைபடத்தில் ஏறின. கிழக்கு அந்தாட்டிக்காவின் டென்மன் பனியாற்றின் அடியில் பாறை கடல்மட்டத்துக்கு 3,500 மீற்றர் கீழே இறங்குகிறது.

நிறுத்துப் பார்த்தது எப்படி என்ற கேள்விக்கு விடை 2002 மார்ச்சில் ஏவப்பட்ட கிரேஸ் என்ற இரட்டைச் செய்மதி. அமெரிக்காவும் ஜேர்மனியும் சேர்ந்து அனுப்பிய இந்த இரண்டும், ஏறத்தாழ 220 கிலோமீற்றர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன. திணிவு மிகுந்த நிலப்பகுதியை முன்னது நெருங்கும்போது அதன் ஈர்ப்பு அதைச் சற்று முன்னோக்கி இழுக்க, இடைவெளி கூடும். பின்னது அதே இடத்தை நெருங்கும்போது குறையும். தலைமயிரின் தடிப்பிலும் சிறிய அந்த மாற்றத்தை நுண்ணலையால் ஓயாமல் அளந்து, மாதத்துக்கு மாதம் பூமியின் ஈர்ப்புப் படத்தை வரைந்தார்கள். 2017இல் அது ஓய்ந்தபின், 2018 மேயில் அதன் வழித்தோன்றல் ஏவப்பட்டது. இவற்றின் கணக்குப்படி, கிறீன்லாந்து 2002 தொடக்கம் ஆண்டுக்குச் சராசரியாக 270 கிகாதொன் அளவிலும், அந்தாட்டிக்கா ஏறத்தாழ 140 கிகாதொன் அளவிலும் பனியை இழந்துவருகின்றன. ஒரு கிகாதொன் என்பது நூறு கோடி தொன். 360 கிகாதொன் நீர் சேர்ந்தால் உலகக் கடல் ஒரு மில்லிமீற்றர் உயரும். இந்தக் கணக்கை மாணவர்களே செய்துபார்க்கலாம்.

மறுமொழி 4: மட்டக்குளி வாசகர்

அனைவரும் சொல்வதைக் கவனமாக வாசித்தேன். பூமி முன்னரும் பலமுறை வெப்பமடைந்து குளிர்ந்திருக்கிறது என்றும், பனியும் கடலும் அதற்கேற்ப ஏறி இறங்கியிருக்கின்றன என்றும் நீங்களே ஏற்றுக்கொள்வீர்கள். அப்படியானால் இப்போது நடப்பதும் அந்த வழமையான ஏற்றஇறக்கத்தில் ஒன்று இல்லை என்று எந்த அடிப்படையில் சொல்கிறீர்கள்? மறுப்பதற்காகக் கேட்கவில்லை, அறிந்துகொள்ளவே கேட்கிறேன்.

மறுமொழி 5: பம்பலப்பிட்டி, புவிச்சரிதவியல் ஆய்வாளர்

நியாயமான கேள்வி. பழைய ஏற்றஇறக்கங்கள் நடந்தன என்று நமக்குச் சொன்னதே துருவப் பனிதான். ஆகவே அது மற்றதையும் சொல்லக் கேட்பதே முறை.

பனி படிந்து அழுந்தும்போது அதன் துளைகளில் இருந்த காற்று, ஏறத்தாழ 60 முதல் 100 மீற்றர் ஆழத்தில் குமிழிகளாக அடைபட்டுவிடுகிறது. குளோட் லோரியுஸ் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 1965இல் அந்தாட்டிக்காவில் இருந்தபோது, அகழ்ந்தெடுத்த பழைய பனித்துண்டு ஒன்றை விஸ்கிக் கோப்பையில் போட்டார். அது உருகுகையில் குமிழிகள் வெடித்து எழுவதைக் கண்டதும், அவை தொல்காலத்து வளிமண்டலத்தின் மாதிரிகளாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. பின்னர் அவர் பங்கேற்ற ஆய்வுகளில், சோவியத் ஒன்றியம் 1957இல் நிறுவிய வொஸ்ரொக் நிலையத்தில் 3,623 மீற்றர் ஆழம்வரை பனித்தண்டு அகழப்பட்டது. பூமியின் தரையில் கருவிகொண்டு அளந்த மிகத் தாழ்ந்த வெப்பநிலையான மறை 89.2 பாகை செல்சியஸ், 1983 யூலை 21இல் பதிவானதும் அதே நிலையத்தில்தான்.

ஆழத்துப் பனித்தண்டை மேலே கொண்டுவருவது எளிதன்று. குறிப்பிட்ட ஆழங்களிலிருந்து வரும் பனிக்குள் காற்று பேரமுக்கத்தில் அடைபட்டிருப்பதால், மேலே வந்ததும் அது தானாகவே வெடித்துச் சிதறக்கூடும். பல மாதங்கள் அப்படியே குளிரில் ஓய்வெடுக்கவிட்ட பின்னரே அறுப்பார்கள். துளை நெருங்கி மூடிவிடாமல் இருக்க அதற்குள் உறையாத திரவத்தை நிரப்பி வைக்கவேண்டும். பிறகு பனியிலுள்ள ஒட்சிசன், ஐதரசன் சமதானிகளின் (ஒரே மூலகத்தின் வேறுபட்ட திணிவுடைய அணுக்களின்) விகிதத்திலிருந்து அக்கால வெப்பநிலையையும், குமிழிகளிலிருந்து காபனீரொட்சைட்டின் அளவையும் கணிப்பார்கள். இந்தோனேசியாவில் 1815இல் வெடித்த தம்போரா எரிமலையின் கந்தக எச்சம் இரு துருவங்களின் பனியிலும் இருப்பதால், ஆண்டுக் கணக்கைச் சரிபார்க்கவும் வழியுண்டு.

வொஸ்ரொக் தண்டு 4 இலட்சத்து 20 ஆயிரம் ஆண்டுகளையும், ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து அந்தாட்டிக்காவின் டோம் சி என்ற இடத்தில் அகழ்ந்த தண்டு 8 இலட்சம் ஆண்டுகளையும் காட்டின. அந்த 8 இலட்சம் ஆண்டுகளில் வளியிலுள்ள காபனீரொட்சைட்டு பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 180 பங்குக்கும் 300 பங்குக்கும் இடையிலேயே ஏறி இறங்கியது. இன்று அது 420 பங்கைத் தாண்டிவிட்டது. பழைய ஏற்றங்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளை எடுத்தன. இந்த ஏற்றத்தின் பெரும்பகுதி நம் பெற்றோரின் வாழ்நாளுக்குள் நடந்திருக்கிறது. வழமையான ஏற்றஇறக்கம் இல்லை என்று சொல்வதற்கு அடிப்படை இதுதான்.

கடந்தகால ஏற்றஇறக்கம் சாதாரணமானதாகவும் இருக்கவில்லை என்பதை நம் தீவே காட்டும். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் துருவங்களிலும் பனி மிகுந்திருந்தபோது, கடல் இன்றைய மட்டத்திலும் 120 மீற்றருக்கு மேல் தாழ்ந்திருந்தது. பாக்குநீரிணை அப்போது வெறும் தரை. யாழ்ப்பாணத்திலிருந்து தமிழகத்துக்கு நடந்தே போயிருக்கலாம். இடையில் கடல் வந்தது அந்தப் பனி உருகியதால்தான்.

தென்மேற்குக் கரையில் அக்குறலைக்கும் ஹிக்கடுவைக்கும் இடையே, கடலோரத்திலிருந்து உள்ளே தள்ளி, நிலத்தின் அடியில் முருகைக்கல் படிவுகள் கிடக்கின்றன. சுண்ணாம்புச் சூளைகளுக்காக நெடுங்காலம் அவற்றைத் தோண்டினார்கள். அவை சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், கடல் இன்றையதிலும் ஒரு மீற்றருக்கு மேல் உயர்ந்திருந்த காலத்தில் வளர்ந்தவை. வடக்கே பனியின் பாரத்தால் அமிழ்ந்திருந்த நிலம் மேலெழ, அதன் விளிம்புகளில் புடைத்திருந்த கடற்றரை தாழ்ந்தது. அந்தப் பள்ளங்களை நிரப்ப வெப்பவலயக் கடல்களிலிருந்து நீர் விலகிப் போனது. விரிவுரையாளர் எழுதிய கோலங்கள் கடதாசியில் மட்டும் இருப்பவையல்ல என்பதற்கு அந்த முருகைக்கல் ஒரு சாட்சி.

மறுமொழி 6: நாரஹேன்பிட்டி, வடிகால் பொறியியலாளர்

நல்ல உரையாடல். இரண்டு விடயங்களை மட்டும் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, வேகம் பற்றியது. மேற்கு அந்தாட்டிக்காவின் துவெயிற்ஸ் பனியாறு பரப்பளவில் இலங்கையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அதன் அடித்தளப் பாறை கடல்மட்டத்துக்குக் கீழே இருப்பதோடு, உள்நாட்டை நோக்கி மேலும் சரிந்து செல்கிறது. ஆழத்திலிருந்து வரும் வெப்பமான கடல்நீர் அதன் அடியை அரிக்கிறது. அது முழுவதும் கடலில் சேர்ந்தால் மட்டும் உலகக் கடல் 65 சென்ரிமீற்றரளவு உயரும். 2020 ஜனவரியில், சுடுநீரைப் பாய்ச்சி ஏறத்தாழ 600 மீற்றர் ஆழத் துளையிட்டு, அதன் வழியே ஐஸ்ஃபின் என்ற நீண்டு மெலிந்த தானியங்கிக் கருவியை இறக்கி, பனி பாறையைவிட்டுப் பிரியும் கோட்டையே படமெடுத்தார்கள். தட்டையான பகுதிகளில் உருகல் எதிர்பார்த்ததிலும் மெதுவாக இருந்தது. வெடிப்புகளிலும் படிக்கட்டுப் போன்ற சரிவுகளிலும் மிக வேகமாக இருந்தது. எத்தனை ஆண்டுகளில் இது பின்வாங்கும் என்பதே இன்று கடல்மட்டக் கணிப்புகளில் மிகப் பெரிய ஐயம்.

இரண்டாவது, கொழும்பு பற்றியது. கடல் உயரும் என்றால் பலர் உடனே காலி முகத்திடலையும் வெள்ளவத்தைக் கரையோர ரயில் பாதையையும் நினைக்கிறார்கள். அவை கவலைக்குரியவைதாம், ஆனால் என் தொழிலில் நான் அதிகம் அஞ்சுவது கால்வாய் வாய்களை. கொழும்பின் மழைநீர் பெரும்பாலும் தாழ்ந்த சதுப்புநிலங்களில் தேங்கி, வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்கள் வழியாகவும் வடக்கே முகத்துவாரம், களனி கங்கைப் பக்கமாகவும் முக்கியமாகப் புவியீர்ப்பினாலேயே கடலுக்கு வடிகிறது. உள்ளேயுள்ள நீர்மட்டத்துக்கும் கடலுக்கும் இடையிலான உயர வேறுபாடு மிகச் சிறிது. நம் கரையில் வற்றுப்பெருக்கு வீச்சும் ஒரு மீற்றருக்குக் குறைவு. ஆகவே கடல் தாழும் நேரம் பார்த்து நீரை வெளியேற்றலாம் என்ற வசதியும் பெரிதாக இல்லை. செய்மதிகள் அளக்கத் தொடங்கிய 1993 தொடக்கம் உலகக் கடல் சராசரியாக 10 சென்ரிமீற்றரளவு உயர்ந்துவிட்டது. கரையில் நிற்பவர் கண்ணுக்கு அது தெரியாது. கால்வாயின் சரிவுக்கு அது தெரியும்.

2016 மேயில் கொலன்னாவையிலும் களனிக் கரையிலும் வீடுகளுக்குள் நீர் நாட்கணக்கில் நின்றதற்குக் காரணம் கடுமழையும் பெருக்கெடுத்த ஆறும்தான். கடல்மட்ட உயர்வு அன்று. ஆனால் அதே மழை, இன்னும் 30 சென்ரிமீற்றர் உயர்ந்த கடலுக்கு எதிரே பெய்தால் வடிவதற்கு மேலும் எத்தனை நாள் எடுக்கும் என்பதை வடிகால் திட்டமிடும் ஒவ்வொருவரும் கணித்துப் பார்க்கவேண்டும். ரீச்சர் விரும்பினால், வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழும் இடத்துக்கு மாணவர்களை வற்றுநேரத்தில் ஒருமுறையும் பெருக்குநேரத்தில் ஒருமுறையும் அழைத்துச் சென்று, நீரோட்டம் எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் போகிறது என்று ஓர் இலையை மிதக்கவிட்டு அளக்கச் சொல்லலாம். மழைக்காலத்தில் வேண்டாம்; வழுக்கும்.